மேய்ச்சலும் பாலின் கொழுப்பும்

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில் கண்மாய்க்கரையும் தரிசும் பச்சை பிடித்துவிடும். கோடை முழுதும் வைக்கோல் தின்ற பசுக்கள் இளம்புல்லை வயிறார மேயும். பாலின் அளவு கூடும். ஆனால் கொழுப்புச் சதம் குறைந்து, சங்கத்தில் லிட்டருக்குக் கிடைக்கும் விலை இறங்குவதுண்டு. தண்ணீர் கலந்த பாலோ என்ற சந்தேகமும் எழும்.

காரணம் என்ன?

பசுவின் பெருவயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் நார்ச்சத்தைச் சிதைத்து அசெட்டிக் அமிலமாக்குகின்றன. பால் கொழுப்பில் பெரும் பங்கு இதிலிருந்தே மடியில் உருவாகிறது. இளம்புல்லில் நார் குறைவு, நீர் அதிகம். எனவே கொழுப்பின் அளவு குறைகிறது.

ஆனால் கொழுப்பின் தரம் உயர்கிறது. பசும்புல்லில் லினோலெனிக் என்னும் ஒமேகா-3 கொழுப்பு அமிலம் உண்டு. இதனால் மேயும் பசுவின் பாலில் நிறைவுறாக் கொழுப்பு கூடி, வெண்ணெய் மென்மையாகிறது. பச்சையிலுள்ள கரோட்டின் சத்தே நெய்க்கு மஞ்சள் நிறம் தருகிறது. வெயிலில் காய்ந்த தீவனத்தில் இச்சத்து பெரிதும் அழிந்துவிடும். சங்கத்துச் சோதனை கொழுப்பின் அளவை மட்டுமே காட்டும், தரத்தைக் காட்டாது.

சீட்டைப் பாருங்கள்

பசும்பாலுக்கு 3.2 சதம் கொழுப்பும், 8.3 சதம் கொழுப்பற்ற திடப்பொருளும் இருக்க வேண்டும் என்பது விதி. தண்ணீர் சேர்ந்தால் இரண்டும் குறையும். திடப்பொருள் குறையாமல் கொழுப்பு மட்டும் குறைந்தால், பெரும்பாலும் தீவனமே காரணம்.

செய்ய வேண்டியவை

* காலையில் மேய்ச்சலுக்கு அவிழ்க்குமுன் இரண்டு கிலோ வைக்கோல் அல்லது காய்ந்த சோளத்தட்டை கொடுக்க வேண்டும்.
* இளம்புல்லுக்கு ஒரு வாரத்தில் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும்.
* கொழுப்பைக் கூட்ட எண்ணி அடர்தீவனத்தை அளவின்றிக் கொட்டக்கூடாது. நார் குறைந்து, கொழுப்பு மேலும் இறங்கும்.
* மடியை ஒட்டக் கறக்க வேண்டும். கடைசிப் பாலில்தான் கொழுப்பு மிகுதி.
* மலையடிவாரத்தார் 2021-ல் அறிவிக்கப்பட்ட புலிகள் காப்பகத்துக்குள் மாடுகளை ஓட்டலாகாது. கிணற்றடியில் சில சென்டில் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லும், வரப்பில் அகத்தியும் வளர்த்தால் கோடையிலும் பச்சை கிடைக்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் பெயருக்கு ஆதாரம் நல்ல பால். பச்சை தரத்தைத் தரும். வைக்கோல் அளவைக் காக்கும். இரண்டையும் சேர்த்துக் கொடுப்பவருக்கு நட்டமில்லை.