பருவமும் பொறுப்பும்

மனித வாழ்க்கையைப் பருவங்களாகப் பகுத்துக் காண்பது தமிழர்க்கு நெடுநாளாகப் பழகிய வழக்கம். பெண்ணின் வாழ்வைப் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவங்களாக உலா நூல்கள் பிரித்துக் கூறும். குழந்தைப் பருவம் ஒன்றையே பத்தாகப் பகுத்துப் பாடும் பிள்ளைத்தமிழ். வீட்டுப் பேச்சிலும், அந்தந்த வயதில் அதனதனைச் செய்ய வேண்டும் என்று பெரியோர் சொல்லக் கேட்கிறோம். ஆனால் அச்சொல்லுக்குள் ஒரு வினா மறைந்து நிற்கிறது. இன்ன வயதினர் இன்ன பொறுப்பை ஏற்றல் வேண்டும் என்று எதிர்பார்க்கிறோமே, அவ்வாறு எதிர்பார்ப்பவர்க்கும் ஒரு கடமை உண்டா? இவ்வினாவைப் பற்றியே இன்று சிறிது எண்ணிப் பார்ப்போம்.

முதலில் பிள்ளைத்தமிழை எடுத்துக்கொள்வோம். 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்கன் மீது பாடிய காலம் முதல் இன்றுவரை நூற்றுக்கணக்கான பிள்ளைத்தமிழ் நூல்கள் தோன்றியுள்ளன. அவற்றின் அமைப்பில் ஓர் அரிய உண்மை அடங்கியிருக்கிறது. முதற்பருவமாகிய காப்புப் பருவத்தில் குழந்தையிடம் எதுவும் கேட்கப்படுவதில்லை. குழந்தையைக் காக்குமாறு தெய்வங்களே வேண்டப்படுகின்றன. செங்கீரைப் பருவத்தில், தலை நிமிர்த்தி அசைந்தாடத் தெரிந்த குழந்தையை ஆடுக என்று அழைக்கிறார்கள். கைகளைச் சேர்க்கத் தெரிந்தபின் சப்பாணி கொட்டுக என்கிறார்கள். கால் ஊன்றி நிற்கத் தெரிந்தபின் வருக என்கிறார்கள். குழந்தையால் எது இயலுமோ, அதையே கேட்கிறார்கள், இயன்றவுடன் மகிழ்கிறார்கள்.

ஆண்பாற் பிள்ளைத்தமிழில் எட்டாவதாக வருவது சிற்றிற் பருவம். தெருவிலே சிறுமியர் மணலால் சிறு வீடுகள் கட்டி விளையாடுகின்றனர். ஓடியாடும் சிறுவன் அவற்றைக் காலால் சிதைக்க வருகிறான். சிதைக்காதே என்று அவர்கள் வேண்டுகின்றனர். பிறர் உழைத்துச் செய்த பொருளை அழிக்கலாகாது என்னும் பொறுப்பு, வாழ்க்கையில் முதன்முதலாக அங்கே பிள்ளையிடம் எதிர்பார்க்கப்படுகிறது. ஏழு பருவங்கள் தாலாட்டும் முத்தமும் நிலாவும் பெற்ற பின்னரே இந்த எட்டாவது வேண்டுகோள் வருகிறது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

இதே கருத்தை வேறொரு வகையில் சங்க இலக்கியத்திலும் காணலாம். புறநானூற்றின் 312ஆம் பாடல் பொன்முடியார் என்னும் பெண்பாற் புலவர் பாடியது. ஓர் இளைஞனை முன்னிட்டு ஐவர் கடமைகளை அவர் வரிசைப்படுத்துகிறார். பெற்று வளர்க்கும் தாய்க்கு ஒரு கடன். பண்புடையவனாக்கும் தந்தைக்கு ஒரு கடன். படைக்கலம் வடித்துத் தரும் கொல்லனுக்கு ஒரு கடன். நல்லொழுக்கம் அளிக்கும் வேந்தனுக்கு ஒரு கடன். போர்க்களத்தில் நின்று வெல்லும் இளைஞனின் கடன் ஐந்தாவதாக, இறுதியிலே வைக்கப்பட்டிருக்கிறது. போரையே பெரிதாக மதித்த காலத்தின் பாட்டு அது. அந்தக் காலம் போய்விட்டது. எனினும் அந்த வரிசை முறை இன்றைக்கும் பொருந்தும். நால்வர் தம் கடனைச் செய்த பின்னரே ஐந்தாமவனிடம் எதிர்பார்க்க நமக்கு உரிமை பிறக்கிறது.

இனி, நம் காலத்துச் சட்டங்கள் பருவங்களை எவ்வாறு நோக்குகின்றன என்று காண்போம். ஏழு வயது நிறையாத குழந்தை செய்யும் எச்செயலும் குற்றம் ஆகாது என்று 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் கூறிற்று. ஏழுக்கும் பன்னிரண்டுக்கும் இடைப்பட்ட பிள்ளை, தன் செயலின் தன்மையை உணரும் அறிவு முதிர்ச்சி பெறாதிருந்தால், அதற்கும் விலக்கு அளித்தது. அச்சட்டத்துக்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் இவ்வயதெல்லைகளை அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறது. அறிவு முதிருமுன் பொறுப்பைச் சுமத்துவது நீதியன்று என்பதே இதன் கருத்து.

கல்வியைப் பற்றிய சட்டம் இன்னும் தெளிவானது. 2002ஆம் ஆண்டில் நிறைவேறிய 86ஆவது அரசியலமைப்புத் திருத்தம், 6 வயது முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகள் அனைவர்க்கும் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அதே திருத்தம், அவ்வயதுப் பிள்ளைகளுக்குக் கல்வி பெறும் வாய்ப்பை அளிப்பது பெற்றோர் கடமை என்றும் வகுத்தது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் செயற்படுகிறது. இங்கே கட்டாயம் என்னும் சொல் யாரைக் கட்டுப்படுத்துகிறது? குழந்தையை அன்று, அரசையே கட்டுப்படுத்துகிறது. குழந்தைக்கு உரிமை, பெற்றோர்க்கும் அரசுக்கும் கடமை. பொன்முடியார் வகுத்த வரிசைக்கு இது எவ்வளவு நெருங்கி நிற்கிறது!

ஆயினும் சட்டம் எட்டாத இடம் ஒன்று உண்டு. அதுதான் வீடு. பல குடும்பங்களில் மூத்த பெண் பத்து வயதிலேயே சிறு தாயாகிவிடுகிறாள். தம்பியை இடுப்பில் சுமக்கிறாள். உலையில் அரிசி இடுகிறாள். குழாயடியில் குடத்தோடு நிற்கிறாள். பொறுப்பான பெண் என்று உறவினர் புகழ்கின்றனர். அந்தப் புகழ்ச்சியினாலேயே அவள் சுமை நம் கண்ணுக்குத் தெரியாமற் போகிறது. 14 வயது நிறையாத பிள்ளைகளை வேலைக்கு வைப்பதை 2016ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் முற்றிலும் தடை செய்தது. பள்ளி நேரத்துக்குப் பின்னரும் விடுமுறையிலும், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவுவதை அனுமதித்தது. வீட்டில் உதவி செய்யப் பழகுவது பிள்ளைக்கு நன்மையே. ஆனால் உதவி வேறு, பொறுப்பு வேறு. தான் செய்யாவிட்டால் வேறு ஒருவர் செய்வார் என்ற நிலையில் செய்வது உதவி. தான் செய்யாவிட்டால் வீடு நின்றுபோம் என்ற நிலையில் செய்வது பொறுப்பு. பத்து வயதுப் பிள்ளை இரண்டாவது நிலையில் நின்றால், அதன் படிப்பை வைத்தே அந்த வீடு நடக்கிறது என்று பொருள்.

அடுத்து இளமைப் பருவம். இதனையும் அரசியலமைப்பு ஒரே படியாக வைக்கவில்லை, ஏணிபோல அமைத்திருக்கிறது. 18 வயதில் வாக்களிக்கலாம். முன்னர் 21ஆக இருந்த இவ்வயது 61ஆவது திருத்தத்தின் வாயிலாக 1989இல் குறைக்கப்பட்டது. 21 வயதில் ஊராட்சித் தேர்தலில் நிற்கலாம். மக்களவைக்கும் சட்டமன்றப் பேரவைக்கும் 25 வயது நிறைந்திருக்க வேண்டும், மாநிலங்களவைக்கு 30, குடியரசுத் தலைவர் பதவிக்கு 35. பொறுப்பு பெருகப் பெருக அதிகாரமும் உடன் பெருகுவதை இந்த ஏணியிலே காண்கிறோம். வாக்காளனுக்கு ஒரு வாக்கின் அளவே பொறுப்பு. உறுப்பினனுக்கு ஒரு தொகுதியின் அளவு.

குடும்பத்தில் இம்முறை பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது. இருபது வயது மகன் வீட்டுக் கடனைத் தீர்க்க வேண்டும், தங்கைக்குத் திருமணம் செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். ஆனால் அவன் எதைப் படிப்பது, எந்தத் தொழிலைக் கொள்வது என்பதை அவனைக் கேளாமலே முடிவு செய்கிறோம். கடன் எவ்வளவு, எதற்காக வாங்கியது என்றுகூட அவனுக்குச் சொல்வதில்லை. முடிவில் பங்கில்லாதவனுக்குச் சுமையில் மட்டும் பங்கு கொடுப்பது முறையா? குடும்பக் கணக்கை அவன் முன் விரித்து வைத்து, உன் கருத்து யாது என்று கேட்டுவிட்டால், அதே சுமையை அவன் தன்னுடையதாக ஏற்பான்.

பெண்களைப் பொறுத்தவரை இந்த முறைகேடு நெடுங்காலம் நீடித்தது. 1929ஆம் ஆண்டின் குழந்தை மணத் தடுப்புச் சட்டம் பெண்ணுக்கு 14 வயதே போதும் என்றது. 1978இல்தான் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்னும் எல்லை வந்தது. சொத்திலோ, பிறந்த வீட்டுக்கு உழைத்த மகளுக்குக் கூட்டுக் குடும்பத்தில் பிறப்பால் வரும் உரிமை இல்லாதிருந்தது. தமிழ்நாடு 1989இல் இயற்றிய திருத்தம், அதற்குமுன் மணமான மகளிர் நீங்கலாக, மகளுக்கும் அவ்வுரிமையை அளித்தது. 2005இல் நாடு முழுமைக்குமான திருத்தம் மகளையும் மகனைப்போலவே பங்காளி ஆக்கியது. அவனைப் போன்ற கடப்பாடுகளையும் அவளுக்கு உரியனவாக்கியது. உரிமையும் கடமையும் ஒருங்கே வந்தன.

நடுவயதுக்கு வந்தோர்க்கு இருபுறமும் சுமை. ஒருபுறம் வளரும் பிள்ளைகள். மறுபுறம் தளரும் பெற்றோர். இப்பருவத்தில் பொறுப்பை ஏற்பதோடு பொறுப்பைக் கைமாற்றவும் கற்றுக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் நானே செய்தேன் என்று சொல்வதில் ஒரு பெருமை இருக்கலாம். ஆனால் அப்பெருமை பிள்ளைகளைப் பழக்காமல் விட்டுவிடுகிறது. பின்னர் ஒருநாள் திடீரென்று சாவிக்கொத்தை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, இவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று வருந்துவதிற் பயன் என்ன?

இறுதியாக முதுமை. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 60 வயது நிறைந்தோரை மூத்த குடிமக்கள் என்கிறது. தம்மைத் தாமே பேண இயலாத பெற்றோரைப் பேணும் கடமையை மகனுக்கும் மகளுக்கும் ஒப்ப விதிக்கிறது. அச்சட்டத்தின் 23ஆம் பிரிவு நாம் கருத்திற் கொள்ளத்தக்கது. தம் தேவைகளைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு முதியவர் ஒருவர் தம் சொத்தை எழுதிக் கொடுக்கிறார். பெற்றவர் அதனைச் செய்யத் தவறுகிறார். அப்போது, முதியவர் விரும்பினால் அந்தப் பத்திரத்தைச் செல்லாததாகத் தீர்ப்பாயம் அறிவிக்கலாம். ஆதலின் அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதி வைத்துக்கொள்வது முதியோர்க்குப் பாதுகாப்பு. இவ்வாறு எழுதச் சொன்னால் பிள்ளைகள் வருந்துவார்களோ என்று தயங்க வேண்டியதில்லை. பேண எண்ணியிருக்கும் பிள்ளைக்கு அந்த வரியால் இழப்பு ஏதுமில்லை.

முதியோரிடம் நாமும் சிலவற்றை எதிர்பார்க்கிறோம். பேரக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்குக் காவலாக இருக்க வேண்டும். அதே சமயத்தில் எதிலும் தலையிடலாகாது என்கிறோம். பத்து வயதுப் பெண்ணுக்கும் இருபது வயது இளைஞனுக்கும் இழைத்த பிழையே இங்கும் நிகழ்கிறது. சுமையைக் கொடுத்துச் சொல்லைப் பறிக்கிறோம். பேரனைத் தூக்கிச் சுமக்கும் பாட்டிக்கு முழங்கால் வலிக்குமே என்று எண்ணுவதும், வீட்டு முடிவுகளில் அவர் கருத்தைக் கேட்பதும் எதிர்பார்ப்பவர்களின் கடமையாகும்.

இவ்வாறு நோக்கினால், எப்பருவத்தினரிடமும் ஒரு பொறுப்பை எதிர்பார்க்குமுன் மூன்று வினாக்களை நம்மை நாமே கேட்டுக்கொள்ளலாம். அதனைத் தாங்கும் வலிமை அவர்க்கு வந்துவிட்டதா? அதற்கு வேண்டிய அறிவையும் கருவியையும் நாம் கொடுத்திருக்கிறோமா? அதுபற்றி முடிவு செய்யும் உரிமையில் அவர்க்கும் பங்கு தந்திருக்கிறோமா? மூன்றுக்கும் ஆம் என்று விடை சொல்ல இயலுமானால் தாராளமாக எதிர்பார்க்கலாம். இயலாவிட்டால், முதலில் நம் கடனைச் செய்து முடிப்போம். நடக்கத் தெரிந்த பின்னரே குழந்தையை வருக என்று அழைத்த தாய்மாருக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது.