எண்ணிக்கை காத்த உயிர்கள்

நாள்தோறும் காலையில் வகுப்பிலே நாம் இடாப்பைத் திறந்து பெயர்களை அழைக்கிறோம். சலிப்பூட்டும் வேலையென்றே பலரும் இதனைக் கருதுவர். ஆயினும், ஒரு பிள்ளை நான்கு நாளாக வரவில்லை என்பதை முதலில் நமக்கு உணர்த்துவது அந்த இடாப்பே. பெயரை எழுதிவைத்தல் உயிரையும் காக்கும் என்பதற்கு ஜமேக்காத் தீவின் வரலாறொன்று சான்று பகர்கின்றது.

அங்கே ஏறத்தாழ முந்நூறு குழந்தைகளுள் ஒன்று அரிவாள் உயிரணு நோயின் கடுமையான வகையுடன் பிறக்கின்றது. குருதியின் செவ்வணுக்கள் வட்ட வடிவிழந்து, கதிரறுக்கும் அரிவாள்போல் வளைந்து, நுண்குழாய்களை அடைத்துவிடுவதே இந்நோய். தாய் தந்தை இருவரிடமிருந்தும் அக்குறை வந்து சேர்ந்தாலன்றி இது தோன்றாது. பெற்றோர் பெரும்பாலும் நலமாகவே இருப்பர். பிறந்த குழந்தையும் நலமாகவே தோன்றும். ஆகவே, நோய் இன்னதென அறியப்படுமுன்னரே மாண்ட மழலைகள் பலர். மருத்துவமனைக்கு வந்தோரை மட்டும் எண்ணினால், வராமலே மறைந்தோர் கணக்கில் ஏறுவது எங்ஙனம்?

இக்குறையை நீக்க, டொக்டர் கிரஹம் சேர்ஜன்ற் அவர்களும் துணைவர்களும் 1973 ஆம் ஆண்டில் ஒரு பெரும்பணியைத் தொடங்கினர். கிங்ஸ்ரன் நகரின் விக்டோரியா ஜூபிலி மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளின் தொப்புட்கொடிக் குருதி சோதிக்கப்பட்டது. 1981 ஆம் ஆண்டு முடிவதற்குள் 1,00,000 பிரசவங்கள் ஆராயப்பட்டன. கடுமையான வகையுடைய 315 குழந்தைகள் இடாப்பில் ஏறினர். அவர்களுக்கு நேர்ந்த நோவும் காய்ச்சலும் இறப்பும் ஆண்டாண்டாகக் குறிக்கப்பட்டன.

அக்குறிப்புகள் மறைந்திருந்த ஓர் எமனைக் காட்டிக்கொடுத்தன. சில குழந்தைகளின் மண்ணீரலில் திடீரெனக் குருதி தேங்கி, அது வீங்கிப் பருக்கும். உடலின் ஏனைய பகுதி குருதியின்றி வெளிறும். சில மணி நேரத்தில் உயிரே பிரிந்துவிடும். உடனே குருதியேற்றினால் பிழைக்கலாம். ஆனால், வீட்டிலே இதனை யார் அறிவது?

விடை எளிதாயிருந்தது. இடது விலாவின் கீழே விரல்களை வைத்து மண்ணீரலைத் தடவிப் பார்க்கும் முறையைத் தாய்மாருக்குக் கற்பித்தனர். அதன்பின் பதிவான தாக்குதல்கள் முன்னையிலும் கூடின. அஞ்சற்க! முன்பு காணாது விட்டவற்றைத் தாய்மார் கண்டுகொண்டதே காரணம். நூறு தாக்குதல்களில் ஏறத்தாழ 29 குழந்தைகளைப் பலிகொண்ட நோய், அதன்பின் 3 குழந்தைகளையே கொண்டுசென்றது.

நம் நாட்டிலும் பெற்றோர் வழியாக வரும் தலசீமியா என்னும் குருதிநோய் உண்டு. மருத்துவ மாது படலையைத் திறந்து வந்து குடும்ப விவரம் கேட்கும்போது, "இதெல்லாம் எதற்கு?" என்று முகஞ் சுளிப்போரும், மகளின் கலியாணத்தை எண்ணி நோயை மறைப்போரும் நம்மிடையே உளர். நாம் மறைக்கும் ஒரு விவரம், அயல் வீட்டுக் குழந்தையின் உயிராகவும் இருக்கலாமன்றோ?