பாண்டுரங்கன் சந்நிதியில் அரசுக்கு என்ன வேலை?

புனேயிலிருந்து நாசிக் போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது சாகண். பஜாஜ், மகிந்திரா, ஃபோக்ஸ்வாகன், மெர்சிடிஸ் பென்ஸ் என வாகனத் தொழிற்சாலைகள் நிறைந்த வட்டாரம். அக்கம்பக்கத்திலேயே ஞானேஸ்வரர் சமாதியுள்ள ஆளந்தியும் துக்காராமின் தேஹுவும் இருக்கின்றன. ஆண்டுதோறும் இவ்விரு ஊர்களிலிருந்தும் பல்லக்குகள் கிளம்ப, வாரகரிகள் எனப்படும் லட்சக்கணக்கான பக்தர்கள், பாண்டுரங்கன் என்கிற விட்டலன் கோயில்கொண்ட பண்டரிபுரத்துக்கு நடக்கிறார்கள்.

2018 ஜூலை 30 அன்று இந்தச் சாகண் பற்றி எரிந்தது. மராத்தா இடஒதுக்கீட்டுப் போராட்டம் கலவரமாக மாறி, பேருந்துகள் கொளுத்தப்பட்டன. 144 தடை உத்தரவு வந்தது. கேட்டது வேலையும் படிப்பும். அதில் மதம் இல்லை. ஆனால், அதற்கு முந்தைய வாரம் அதே போராட்டம் பாண்டுரங்கன் சந்நிதியைத் தொட்டிருந்தது.

ஆஷாட ஏகாதசி அன்று விடியுமுன், மகாராஷ்டிர முதல்வர் மனைவியோடு கருவறையில் அமர்ந்து ‘அரசு மகாபூஜை’ செய்வது வழக்கம். தரிசன வரிசையில் நிற்கும் ஒரு வாரகரித் தம்பதிக்கும் உடன் அமரும் பேறு கிடைக்கும். கார்த்திகை ஏகாதசிக்குத் துணை முதல்வர். 2018-இல் முதல்வரைப் பூஜை செய்யவிட மாட்டோம் என்றார்கள் போராட்டக்காரர்கள். பக்தர்களின் பாதுகாப்பைக் காரணம் சொல்லி, தேவேந்திர ஃபட்னவிஸ் மும்பையில் தம் அரசு இல்லத்திலேயே பூஜையை முடித்துக்கொண்டார். பண்டரிபுரத்தில் அவர் இல்லாமலேயே பூஜை நடந்தது. ஏகாதசிக்கு ஒரு குறையும் வரவில்லை.

முதல்வர் என்ற பதவி கருவறைக்குள் நுழைந்தால், அந்தப் பதவியோடு சண்டை போடுபவர்களும் வாசலுக்கு வரத்தான் செய்வார்கள். கடைசியில் சங்கடப்படுவது நடந்துவந்த பக்தன்.

நின்று, திரும்பிய வழக்கம்

இந்தக் கேள்வி புதிதல்ல. மதச்சார்பற்ற அரசு பூஜை செய்யலாமா என்று 1970-இல் சோஷலிஸ்டுகள் போராடினார்கள். மறு ஆண்டு அரசு பூஜை நின்றது. 1972-இல் கடும் வறட்சி. விட்டலன் கோபித்துக்கொண்டான் என்று பேச்சு கிளம்ப, 1973-இல் பூஜை திரும்பி வந்தது.

சரி, கோயில் விஷயத்தில் அரசு தலையிடவே கூடாதா? நாம் அப்படிச் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் நீதிக்கட்சிக் காலத்திலிருந்தே கோயில் நிர்வாகத்துக்குச் சட்டம் இருக்கிறது. மதத்தோடு சேர்ந்த பொருளாதார நடவடிக்கைகளை முறைப்படுத்த அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவே இடம் தருகிறது. பண்டரிபுரத்திலும் 1973-இல் வந்த சட்டம் பரம்பரைப் பூசாரிகளின் உரிமையை ரத்து செய்தது. நாற்பதாண்டு வழக்குக்குப் பிறகு 2014-இல் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது.

உண்டியல் கணக்கைப் பார்ப்பதும், யாரையும் வாசலில் தடுக்காமல் காப்பதும் அரசின் வேலை. ஆரத்தி காட்டுவது அதன் வேலையல்ல. அரசு அலுவலகங்களிலிருந்து கடவுள் படங்களைப் படிப்படியாக அகற்றச் சொல்லி 1968-இல் அண்ணா அரசு சுற்றறிக்கை விட்டது இந்த எல்லைக்கோட்டை மனத்தில் வைத்துத்தான். நம் அலுவலகங்களில் ஆயுத பூஜைக்கு வாழைக்கன்று கட்டும்போது அந்தக் கோடு அழிந்துபோவதையும் பார்க்கிறோம்.

ஓட்டுக்கு முன், ஓட்டுக்குப் பின்

தேர்தலில் மதத்தைச் சொல்லி வாக்குக் கேட்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(3) பிரிவின்படி முறைகேடு. 1987 விலே பார்லே இடைத்தேர்தல் பேச்சுக்காக சிவசேனைத் தலைவர் பால் தாக்கரே ஆறாண்டு வாக்குரிமை இழந்தார். 1990-இல் மும்பை சாந்தாகுரூஸ் தொகுதியில் முளைத்த இன்னொரு வழக்கில், 2017 ஜனவரி 2 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு 4-3 என்ற கணக்கில் தடையை இன்னும் அகலமாக்கியது. வேட்பாளரின் மதம் மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சொல்லியும் ஓட்டுக் கேட்கக் கூடாது.

ஓட்டுக் கேட்கும்போது குற்றமாவது, ஜெயித்த பிறகு கேமரா முன் மரபாகிவிடுகிறது என்பதுதான் வேடிக்கை.

முதல்வருக்குப் பக்தி இருந்தால் தாராளமாகப் போகட்டும். குடிமகனாக வரிசையில் நிற்கட்டும். நடந்துவருபவர்களுக்குக் குடிநீர், கழிப்பறை, மருத்துவ முகாம் எல்லாம் அரசு குறைவில்லாமல் செய்யட்டும். முதல் பூஜையை மட்டும் அந்த வாரகரித் தம்பதியிடமே விட்டுவிடலாம். நடந்துவந்தவர்கள் அவர்கள்தானே.