நாய் குளிக்கும் சோப்பு: விசாரித்து வாங்குவோம், விவரம் சொல்லி விற்போம்

"அண்ணாச்சி, நாயைக் குளிப்பாட்ட ஏதாவது சோப்பு இருக்கா?" என்று கேட்டு வரும் வாடிக்கையாளர்கள் இப்போது மளிகைக் கடைகளுக்கும் வரத் தொடங்கிவிட்டார்கள். முன்பு வீட்டு நாய்க்குக் கிடைத்தது தேய்ந்துபோன குளியல் சோப்பு அல்லது துணி சோப்பின் மிச்சம்தான். சில வீடுகளில் உண்ணி போகட்டும் என்று பினாயில் கலந்த தண்ணீரை ஊற்றுவதும் உண்டு. இது மிகவும் ஆபத்தானது. பினாயில் தோல் வழியாகவும், நாய் உடலை நக்கும்போது வாய் வழியாகவும் உள்ளே சென்று விஷமாகிறது. பினாயிலை விற்கும் நாமே இதை வாடிக்கையாளரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இந்தத் தேவையைப் பார்த்து, மகளிர் சுயஉதவிக் குழுவினரும் வீட்டில் இருந்தபடி தொழில் செய்பவர்களும் நாய்களுக்கென்று சோப்பு காய்ச்சிக் கடைகளுக்குக் கொண்டு வருகிறார்கள். வேப்பெண்ணெய் வாசனையோடு, பட்டர் பேப்பரில் சுற்றி, ஒரு நூலைக் கட்டிக் கொடுக்கிறார்கள். பார்க்க நன்றாக இருக்கிறது, லாபமும் கிடைக்கிறது. ஆனால் அந்தச் சோப்பில் எதுவும் எழுதியில்லை என்றால் அதன் பொறுப்பு யாருடையது? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்த பிறகே சரக்கை அலமாரியில் வைக்க வேண்டும். அதற்கு, இந்தச் சோப்பு எப்படி உருவாகிறது என்பதை முதலில் அறிந்துகொள்வோம்.

எண்ணெயும் காரமும்

எந்தச் சோப்பானாலும் அடிப்படை ஒன்றுதான். எண்ணெயோடு காஸ்டிக் சோடா கரைசல் சேரும்போது இரண்டும் மாறிச் சோப்பும் கிளிசரினும் உண்டாகின்றன. கணக்குச் சரியாக இருந்தால் முடிவில் காஸ்டிக் சோடா துளியும் மிஞ்சாது. கணக்குத் தவறினால் மிஞ்சிய காரம் தோலைப் புண்ணாக்கும். நாயின் மேல்தோல் மனிதத் தோலைவிட மெல்லியது என்பதால் இந்தக் கணக்கு இன்னும் முக்கியமாகிறது.

ஒவ்வொரு எண்ணெய்க்கும் தேவைப்படும் காஸ்டிக் சோடாவின் அளவு வேறு. ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக மாற ஏறக்குறைய 183 கிராம் வேண்டும். அதே ஒரு கிலோ பாமாயிலுக்கு 141 கிராம், வேப்பெண்ணெய்க்கு 138 கிராம், நல்லெண்ணெய்க்கு 134 கிராம், விளக்கெண்ணெய்க்கு 128 கிராம் அளவில் போதும். சோப்பு காய்ச்சுபவர்கள் இந்தக் கணக்கைவிடக் கொஞ்சம் குறைவாகவே காரம் சேர்ப்பார்கள். அப்போது சிறிதளவு எண்ணெய் மாறாமல் நின்று தோல் வறளாமல் காக்கும்.

ஒரு கிலோ எண்ணெய்க்கான கலவை இதோ: தேங்காய் எண்ணெய் 500 கிராம், நல்லெண்ணெய் 200 கிராம், வேப்பெண்ணெய் 200 கிராம், விளக்கெண்ணெய் 100 கிராம். இவை முழுவதும் சோப்பாக 159 கிராம் காஸ்டிக் சோடா தேவை. 145 கிராம் மட்டும் சேர்த்தால் நூற்றுக்கு எட்டுப் பங்குக்குச் சற்றுக் கூடுதலான எண்ணெய் மிச்சமாக நிற்கும். தண்ணீர் 300 கிராம். எல்லாவற்றையும் எலக்ட்ரானிக் தராசில் நிறுத்தே எடுக்க வேண்டும். டம்ளர் கணக்கும் கரண்டி கணக்கும் இங்கே உதவாது.

செய்முறை

கையுறையும் கண்ணாடியும் அணிந்து, காற்றோட்டமான இடத்தில், குழந்தைகளும் நாயும் அருகில் வராதபடி செய்ய வேண்டும். பாத்திரம் எவர்சில்வராகவோ கெட்டியான பிளாஸ்டிக்காகவோ இருக்கட்டும். அலுமினியப் பாத்திரம் கூடாது. காரம் அதை அரித்து, தீப்பற்றும் வாயுவை எழுப்பும். தண்ணீரில்தான் காஸ்டிக் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். காஸ்டிக் சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும்.

கரைசல் கடுமையாகச் சூடாகும். அது 40, 45 டிகிரி அளவுக்கு ஆறிய பிறகு, அதே அளவு இளஞ்சூடான எண்ணெயில் ஊற்றிக் கிளற வேண்டும். தோசை மாவுப் பதம் வந்ததும் அச்சில் ஊற்றி மூடி வைக்கலாம். ஒன்றிரண்டு நாளில் இறுகிவிடும். துண்டு போட்டு, நிழலில் காற்றோட்டமாக நான்கு முதல் ஆறு வாரம் காய வைக்க வேண்டும். ஒரு வாரச் சோப்பை விற்பனைக்குக் கொண்டு வருபவரிடம், "காய்ந்த பிறகு கொண்டு வாருங்கள்" என்று சொல்லித் திருப்பி அனுப்புவதே நல்லது.

காரம் கையில் பட்டால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவ வேண்டும். எலுமிச்சைச் சாறோ வினிகரோ தேய்க்கக் கூடாது. கண்ணில் பட்டால் கழுவியபடியே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும்.

நம் கடையில் தொடங்கும் பொறுப்பு

இந்தச் சோப்புக்கு வேண்டிய எண்ணெய்கள் பெரும்பாலும் நம் கடைகளிலிருந்தே போகின்றன. ஆகவே நாம் சொல்லும் சொல்லை நம்பித்தான் காய்ச்சுபவர் கணக்குப் போடுகிறார். தேங்காய் எண்ணெய் விலை ஏறும்போது அதற்குப் பதில் மலிவான எண்ணெயைச் சேர்க்கும் ஆசை வரும். மேலே சொன்ன கலவையில் 500 கிராம் தேங்காய் எண்ணெய்க்குப் பதிலாக நல்லெண்ணெயையே ஊற்றினால் மொத்தத் தேவை 134 கிராம் காரமாகக் குறைகிறது. பழைய கணக்குப்படி 145 கிராம் போட்டவருடைய சோப்பில் 11 கிராம் காஸ்டிக் சோடா அப்படியே நிற்கும். தேங்காய் எண்ணெய் என்ற பெயரில் கலப்பு எண்ணெயை விற்றாலும் விளைவு இதே மாதிரிதான். சமையலில் நாக்குக் கண்டுபிடிக்காத கலப்படத்தை நாயின் தோல் கண்டுபிடித்துவிடும்.

தீப எண்ணெயைச் சோப்புக்குக் கொடுக்க வேண்டாம். அதில் என்னென்ன எண்ணெய் எவ்வளவு என்று தெரியாதபோது கணக்கே போட முடியாது. மினரல் ஆயில் கலந்திருந்தால் அந்தப் பங்கு சோப்பாகவே மாறாது. வேப்பெண்ணெயிலும் கவனம் தேவை. பயிருக்குத் தெளிப்பதற்காகக் கரைப்பான் சேர்த்து வரும் பூச்சிமருந்து வகை வேறு, ஆட்டிய சுத்தமான வேப்பெண்ணெய் வேறு.

மூன்று சோடாக்களையும் கடைப் பையன் பிரித்தறிய வேண்டும். சமையல் சோடா உணவுக்கு. சலவைச் சோடா துணிக்கு. காஸ்டிக் சோடா இவ்விரண்டையும்விடப் பன்மடங்கு கடுமையானது. காகிதத்தில் மடித்துக் கொடுத்தால் காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும். குளிர்பான பாட்டிலில் போட்டுக் கொடுப்பது உயிருக்கே ஆபத்து. இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில், பெரிய எழுத்தில் பெயர் ஒட்டி, உணவுப் பொருட்களிலிருந்து தள்ளி வைக்க வேண்டும்.

எதைச் சேர்க்கக் கூடாது

மனிதர்களுக்கு மணப்பதெல்லாம் நாய்க்கு ஏற்றதல்ல. நாய் தன் உடலை நக்கும், மோப்பமும் கூர்மையானது. கற்பூரம், டீ ட்ரீ ஆயில், காரமான வாசனைத் தைலங்கள் ஆகியவற்றைச் சேர்த்த சோப்பை வாங்க வேண்டாம். கற்பூரமும் டீ ட்ரீ ஆயிலும் நாய்க்கு விஷம். மஞ்சள்தூள் சேர்த்திருப்பதாகச் சொல்லும் சோப்பு சிவந்து இருந்தால் வியக்க வேண்டாம். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவப்பதை நாம் அறிவோம். நாய்க்கு என்று செய்த சோப்பைப் பூனைக்கும் போடலாமா என்று கேட்டால், வேண்டாம் என்றே சொல்வோம். பூனையின் உடல் பல பொருட்களைத் தாங்காது.

"நாயின் தோலுக்கேற்ற பி.எச். கொண்டது" என்ற வாசகமும் சில உறைகளில் காணப்படுகிறது. எண்ணெயும் காரமும் சேர்ந்த சோப்பு இயல்பிலேயே காரத்தன்மை உடையது, அதன் பி.எச். 9, 10 என்ற அளவில் நிற்கும். நாயின் தோலோ நடுநிலையை ஒட்டியது. எலுமிச்சைச் சாறு சேர்த்து இதைச் சரிசெய்ய முனைந்தால் சோப்பே உடைந்துவிடும். நடுநிலை வேண்டுமென்றால் அதற்கென்று தயாரித்த ஷாம்புதான் வழி. எனவே வாடிக்கையாளரிடம், "நல்ல தோல் உள்ள நாய்க்கு மாதம் ஒன்றிரண்டு முறை போடுங்கள், கண்ணிலும் காதிலும் படாமல் பாருங்கள், நுரை போக நன்றாக அலசுங்கள்" என்று சொன்னால் போதும்.

உண்ணி போகும் என்று சொல்லலாமா?

இந்தச் சோப்பை விற்கும்போது நம் வாயிலிருந்து வரக்கூடாத சொல் இதுதான். நாயின் மேல் காணும் உண்ணி மொத்தத்தில் ஒரு பகுதியே. பழுப்பு நிற நாய் உண்ணி வயிறு நிறைந்ததும் கீழே இறங்கி, சுவர் வெடிப்பிலும் கூண்டு இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. சோப்பைத் தேய்த்துச் சில நிமிடங்களில் அலசிவிடுகிறோம். நிலைத்து நிற்கும் மருந்து எதுவும் உடலில் தங்குவதில்லை. உண்ணி பரப்பும் காய்ச்சலால் நாய்கள் இறப்பதும் உண்டு. "சோப்பு போட்டாயிற்று" என்று நம்பி வைத்தியத்தைத் தள்ளிப் போட்டால் நம் சொல்லே அந்த உயிருக்கு எமனாகிவிடும்.

சட்டமும் இதையே சொல்கிறது. 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தில், விலங்குகளின் நோயைத் தீர்க்கவும் தடுக்கவும் பயன்படுத்துவதாகச் சொல்லும் பொருளும் மருந்து என்ற வரையறைக்குள் வருகிறது. மருந்து செய்ய உரிமம் வேண்டும். "அழுக்கும் நாற்றமும் நீக்கும்" என்று எழுதிய வரையில் அது சோப்பு. "சொறி குணமாகும்" என்று எழுதிவிட்டால் அது மருந்து என்று உரிமை கோருகிறது. அப்படி எழுதிய சரக்கை வாங்காமல் இருப்பதே பாதுகாப்பு. உண்ணி, சொறி, முடி உதிர்தல் என்று கேட்டு வருபவரைக் கால்நடை மருத்துவமனைக்கு அனுப்புவோம்.

உறையில் என்ன இருக்க வேண்டும்

முன்கூட்டியே பொட்டலமிட்டு வரும் பொருளுக்கு 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள் பொருந்தும். தயாரிப்பாளர் பெயர், முகவரி, பொருளின் பெயர், நிகர எடை, தயாரித்த மாதமும் ஆண்டும், எல்லா வரிகளும் உட்பட்ட அதிகபட்ச சில்லறை விலை, ஓர் அலகுக்கான விலை, புகார் சொல்ல வேண்டிய தொலைபேசி எண் ஆகியவை இருக்க வேண்டும். இவை இல்லாத பொட்டலத்தை விற்பவரும் குற்றத்துக்கு உள்ளாவார்.

எடையில் ஒரு சூட்சுமம் உண்டு. மேலே சொன்ன கலவை மொத்தம் 1,445 கிராம் வரும். 110 கிராம் வீதம் 13 துண்டு போடலாம். காயக் காயத் தண்ணீர் வற்றி ஒவ்வொரு துண்டும் 95, 100 கிராமுக்கு இறங்கிவிடும். ஈரத்தில் நிறுத்த எடையை அச்சிட்டால் பரிசோதனையில் குறையும். நன்றாகக் காய்ந்த பிறகு நிறுத்து, இருப்பதிலேயே லேசான துண்டின் எடையை அச்சிடச் சொல்வது நல்லது. அடக்க விலையையும் காய்ந்த எடையின் மேல்தான் கணக்கிட வேண்டும்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தையும் மறக்கலாகாது. ஒரு பொருளால் தீங்கு நேர்ந்து, அதைச் செய்தவர் யாரென்று தெரியாமற் போனால், விற்ற கடைக்காரரே ஈடு கட்டும் பொறுப்புக்கு ஆளாகலாம். நாம் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு விடை இதுதான். பெயரில்லாத சோப்பை அலமாரியில் வைத்த நிமிடமே அதன் பொறுப்பு நம் தலையில் ஏறிவிடுகிறது.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

1. எந்தெந்த எண்ணெய், எவ்வளவு, காஸ்டிக் சோடா எவ்வளவு? கணக்கை எழுதித் தர முடியுமா?

2. எந்தத் தேதியில் காய்ச்சியது? எத்தனை வாரம் காய்ந்தது?

3. வாசனைக்கு என்ன சேர்த்திருக்கிறது?

4. உறையில் பெயர், முகவரி, எடை, விலை எல்லாம் இருக்கிறதா? நோய் தீர்க்கும் வாசகம் இருக்கிறதா?

5. பில் தருகிறாரா? சரக்கில் குறை வந்தால் திரும்ப எடுத்துக்கொள்வாரா?

இந்த ஐந்துக்கும் தயங்காமல் பதில் சொல்பவர் தொழில் தெரிந்தவர். அவரிடம் முதலில் ஒரு டஜன் வாங்கிப் பார்க்கலாம். பதில் சொல்லத் தெரியாதவரை விரட்ட வேண்டியதில்லை. இந்தக் கட்டுரையைக் கையில் கொடுத்து, சரிசெய்துகொண்டு வரச் சொல்லலாம். நம் ஊரில் ஒரு சிறு தொழில் நிலைபெற நாமும் துணை நின்றதாக இருக்கும்.

பெரிய கம்பெனிகளின் சரக்கை எல்லாக் கடைகளும் விற்கின்றன. பக்கத்துத் தெருவில் முறையாகக் காய்ச்சிய சோப்பை, இன்னார் செய்தது, இது இவ்வளவுதான் செய்யும் என்று விவரம் சொல்லி விற்பது நம்மைப் போன்ற கடைகளால்தான் முடியும். உறுப்பினர்கள் இதை நினைவிற் கொண்டு, விசாரித்து வாங்கி, விவரம் சொல்லி விற்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.