அவன் சொன்ன 'நாளை'

ரொறன்ரோவில் அகதி விசாரணைக்கு ஆயத்தமாகும் நம்மவர்க்கு ஆங்கில அயற்கூற்று வெறும் இலக்கணப் பாடமன்று. நம்பகத்தன்மை வினாவுக்குள்ளாகுமிடத்து வாய்மொழி விசாரணை வேண்டுமெனச் சிங் வழக்கில் கனடிய உச்ச நீதிமன்றம் 1985 ஏப்ரல் 4இல் தீர்ப்பளித்தது. ஆகவே, பிறர் கூறியதை நாமே எடுத்துரைக்க வேண்டியுள்ளது.

தமிழில் "நாளை வருவேன்" என்றான் சிப்பாய் என்கிறோம். அவன் சொற்கள் அப்படியே நிற்கும். ஆங்கில அயற்கூற்றிலோ 'நான்' 'அவன்' ஆகும். 'நாளை' 'மறுநாள்' ஆகும். வினையும் இறந்தகால வடிவங்கொள்ளும். பேச்சில் மேற்கோட்குறி ஒலிப்பதில்லையே! மாற்றாது உரைத்தால் வருபவர் யார், எந்நாள் என்பன குழம்பும். குழப்பம் முரண்பாடாகக் கொள்ளப்படலாம்.

ஊரில் விரிவுரை மண்டபத்தில் இதனைப் பத்து நிமிடத்தில் கடந்தவன் நான். இங்கு ஒரு தாயாருக்கு ஒரு மாலை போதவில்லை.

"அவன் சொன்னதை நான் ஏன் மாத்த வேணும், சேர்?"

மொழிபெயர்ப்பாளர் இருப்பார், தமிழிலேயே சொல்லலாம் என்றேன். பின்னர் இருவருமாக அந்த 'நாளை'க்குப் பக்கத்தில் திகதியை எழுதினோம்.