மூன்று மாதத்தில் மின்பணியாளர்: சான்றிதழ் மட்டும் போதுமா?

ஹைதராபாத்: சார்மினார் அருகே குல்சார் ஹவுஸ் பகுதியில் 2025 மே 18-ம் தேதி காலை ஒரு வீட்டில் பற்றிய தீ, 8 குழந்தைகள் உள்பட 17 பேரின் உயிரைப் பறித்தது. மின்கசிவே காரணமாக இருக்கலாம் என்பது முதற்கட்டத் தகவல். அந்த வீட்டின் மின் இணைப்பைச் செய்தவர் மீது பழி சுமத்துவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால், நம் வீடுகளில் மின்கம்பி இழுப்பவர் எந்தத் தகுதியுடன் வருகிறார் என்ற கேள்வியை அந்த விபத்து எழுப்பாமல் இல்லை.

இக்கேள்வியை எழுப்ப ஹைதராபாத் பொருத்தமான நகரம். 1998-ல் தொடங்கப்பட்ட தேசிய கட்டுமானக் கழகம் இங்குதான் உள்ளது. கிராமப்புற இளைஞர்கள் பலருக்குக் கொத்து வேலை, குழாய் வேலை, வீட்டு மின் இணைப்பு ஆகியவற்றில் சுமார் மூன்று மாதப் பயிற்சியை அது அளித்துள்ளது. 2015 ஜூலையில் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டமும் சில நூறு மணி நேரப் பயிற்சிக்குச் சான்றிதழ் வழங்குகிறது. அதேசமயம், ஐடிஐ-யில் எலெக்ட்ரீஷியன் படிப்புக்கு 2 ஆண்டுகள் தேவை. ஜெர்மனியிலோ தொழிற்சாலைப் பயிற்சியும் வகுப்பும் சேர்ந்து மூன்றரை ஆண்டுகள்.

குறுகியகாலப் பயிற்சி வீண் என்று ஒதுக்கிவிட முடியாது. 2 ஆண்டுகள் வருமானமின்றிப் படிக்க இயலாத ஏழை இளைஞனுக்கு அது ஒரு வாசல். ஸ்விட்ச் பொருத்தவும், மின்விசிறி மாட்டவும், கருவிகளைக் கையாளவும் மூன்று மாதம் போதும். சிக்கல் அதற்கு அப்பால் தொடங்குகிறது.

சுவர் கோணினால் கண்ணுக்குத் தெரியும். குழாய் ஒழுகினால் தரை நனையும். மின் இணைப்பில் அப்படியல்ல. எர்த் இணைப்பே இல்லாத வீட்டிலும் விளக்கு எரியும். மெல்லிய பழைய கம்பியில் குளிர்சாதனக் கருவியை இணைத்தாலும் அது ஓடும். கம்பி சூடேறி உறை இளகுவதற்கு மாதங்கள் ஆகலாம். மின்சுமையைக் கணக்கிடுதல், கம்பி உறையின் காப்புத் தன்மையையும் எர்த் தடையையும் அளத்தல், மின்கசிவுத் தடுப்புக் கருவியைச் சோதித்தல் ஆகியவைதாம் இந்த மறைந்த பிழைகளைப் பிடிப்பவை. மூத்தவர் ஒருவரின் கண்காணிப்பில் பல வீடுகளில் வேலை செய்யாமல் இவை கைவருவதில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகப் பதிவுகளின்படி, அண்மை ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டும் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் மின்சாரம் தாக்கி இறந்துள்ளனர்.

சட்டம் இதை அறியாததன்று. விளக்கு, மின்விசிறி, ஃபியூஸ், ஸ்விட்ச் மாற்றுவது போன்றவை தவிர்த்த மின்பணிகளை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் மூலமாக, தகுதிச் சான்று பெற்றவரின் நேரடி மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையத்தின் 2010-ம் ஆண்டு ஒழுங்குமுறைகள் கூறின. அவற்றுக்குப் பதிலாக 2023-ல் வந்தவையும் இந்த ஏற்பாட்டைக் கைவிடவில்லை. தமிழகத்தில் மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வு எழுதுவோரிடம் 5 ஆண்டு அனுபவம் கேட்கப்படுவதும் இக்கருத்தில்தான்.

ஆக, பயிற்சிச் சான்றிதழ் வேறு, பணி செய்யும் உரிமம் வேறு. இரண்டுக்கும் நடுவே பாலம் இல்லை. மின்சாரமும் தொழிற்பயிற்சியும் அரசமைப்புச் சட்டத்தின் பொதுப்பட்டியலில் உள்ளன. சான்றிதழ்களை எண்ணுவது திறன் மேம்பாட்டு அமைச்சகம். பாதுகாப்பு விதிகளை வகுப்பது மின்துறையின் கீழுள்ள ஆணையம். உரிமம் வழங்குவது மாநில அரசு. பயிற்சி முடித்தவர் எத்தனை பேர் என்று நாடாளுமன்றத்தில் கேட்டால் பதில் கிடைக்கும். அவர்களில் எத்தனை பேர் உரிமம் பெற்றனர் என்பதே கேட்கப்பட வேண்டிய அடுத்த கேள்வி.

தெலங்கானா அரசு 2024-ல் 65 ஐடிஐ-க்களை உயர் தொழில்நுட்ப மையங்களாக மாற்றும் பணியை ஹைதராபாதின் மல்லேபல்லியில் தொடங்கியது. புதிய இயந்திரங்கள் வரட்டும். அதோடு, குறுகியகாலப் பயிற்சி பெற்றவரை உதவியாளராக மட்டுமே பதிவு செய்து, உரிமம் பெற்றவரின் கீழ் ஊதியத்துடன் ஓரிரு ஆண்டுகள் பணியாற்றச் செய்து, பிறகு தேர்வு வைத்து உரிமம் வழங்கலாம். 1961-ம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் அதற்கு ஏற்ற அடித்தளம்.

மூன்று மாதப் பயிற்சி தொடக்கமாக இருக்கலாம். அதையே முடிவாக்கினால், விலை கொடுப்பவர் அந்த வீட்டில் உறங்குபவர்.