உங்களுக்குத் தெரியுமா? அரை டன் கூட்டுப்புழு, ஒரு துளி ஹார்மோன்!

மல்பெரி இலையை ஓயாமல் கொறிக்கும் பட்டுப்புழு திடீரென்று தீனியை நிறுத்தும். தலையைத் தூக்கியபடி ஏறக்குறைய ஒரு நாள் அசையாமல் கிடக்கும். நோயோ என்று பயந்துவிட வேண்டாம். பழைய தோலைக் கழற்றத் தயாராகிறது. கூடு கட்டுவதற்குள் நான்கு முறை இப்படித் தோலுரிக்கும்.

இந்த உத்தரவைப் பிறப்பிப்பது எக்டைசோன் என்ற ஸ்டீராய்டு ஹார்மோன். 1954இல் ஜெர்மனியில் புடெனாண்ட், கார்ல்சன் இருவரும் 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுக்களிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். கிடைத்தது வெறும் 25 மில்லிகிராம்! ஒரு சிட்டிகை உப்புகூட அதைவிட எடை அதிகம். என்ன பொறுமை!

ஆனால் சாவி மூளையிடம் இருக்கிறது. போலந்து விஞ்ஞானி கோபெச், அந்துப்பூச்சிப் புழுக்களின் மூளையை அகற்றிப் பார்த்து 1922இல் முடிவை வெளியிட்டார். கடைசித் தோலுரிப்புக்குப் பின் சீக்கிரமே மூளையை எடுத்தால் புழு புழுவாகவே நின்றுவிட்டது. சில நாள் கழித்து எடுத்தால் கூட்டுப்புழுவாக மாறியது. அதற்குள் மூளையிலிருந்து செய்தி போய்விட்டது! அந்தச் செய்தி ஒரு புரத ஹார்மோன் என்பது பின்னால் தெரிந்தது. நெஞ்சுப் பகுதியிலுள்ள சுரப்பியை அது தட்டி எழுப்ப, எக்டைசோன் சுரக்கிறது. கூடவே இளமை ஹார்மோன் நிறைய இருந்தால் புழு இன்னும் பெரிய புழுவாகும். அது வற்றினால்தான் கூட்டுப்புழு.

இன்னொரு விசித்திரம்: எக்டைசோனுக்கு மூலப்பொருள் கொலஸ்ட்ரால். பூச்சிகளால் அதைச் சுயமாகத் தயாரிக்க முடியாது. மல்பெரி இலையிலுள்ள தாவர ஸ்டெரால்களைத்தான் பட்டுப்புழு கொலஸ்ட்ராலாக மாற்றிக்கொள்கிறது.